யூலையில் ஏன் சூறாவளி வருவதில்லை?

போன சனிக்கிழமை வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாயும் தகப்பனும் மகளோடு என்னிடம் மேற்படிப்பு ஆலோசனைக்கு வந்தார்கள். மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. அரச பல்கலைக்கழகத்தில் பொறியியலுக்கு, அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி கொஞ்சம் காணாது. தாயின் அண்ணர் லண்டனிலிருந்து தினமும் போன் எடுத்து, "தனியாரில் என்றாலும் என்ஜினியரிங் சேர்த்துவிடு" என்கிறாராம். ஊர்க் காணியை விற்கலாமா என்று கேட்டார்கள். பார்க்கலாம், பயப்படாதீர்கள் என்று சொல்லித் தேநீர் கொடுத்தேன். அப்புறம் பிள்ளையின் கொப்பியைப் பார்த்தேன். அதற்குமேல் சமாதானம் சொல்ல மனம் வரவில்லை.

1978 நவம்பர் மட்டக்களப்புச் சூறாவளியிலிருந்து 2020 புரெவி வரை பாதைகளை வரைந்து வைத்திருக்கிறாள். ஓரத்தில் ஒரு கேள்வி: 'யூலையிலும் வங்காள விரிகுடா சூடுதானே, அப்போது ஏன் பெரிய சூறாவளி இல்லை?'

அம்மா, இது ரியூசனில் சொல்லிக் கொடுத்த கேள்வி இல்லை. கடல் மேற்பரப்பு ஏறக்குறைய 26.5 பாகை செல்சியஸுக்கு மேல் இருந்தால்தான் சூறாவளிக்குத் தீனி. மேலே மட்டும் சூடிருந்தும் பயனில்லை. புயல் கடலைக் கலக்கி அடியிலுள்ள குளிர்நீரைக் கிளப்பிவிடும், தீனி குறைந்துவிடும். 2005இல் அமெரிக்காவைத் தாக்கிய கத்ரீனா சூறாவளி, மெக்சிக்கோ வளைகுடாவில் ஆழம்வரை சூடான நீரின் மேல் வந்தபோதுதான் ஆக உயர்ந்த ஐந்தாம் தரத்துக்கு ஏறியது. ஆனால் சூடு பாதிக் கதைதான். 1.5 கிலோமீற்றர் உயரத்துக் காற்றும் 12 கிலோமீற்றர் உயரத்துக் காற்றும் வேகத்திலோ திசையிலோ மிகவும் வேறுபட்டால், புயலின் தலை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் இழுபடும். வறண்ட காற்றும் உள்ளே புகும். காற்றின் இந்த வேறுபாட்டைத்தான் விண்ட் ஷியர் என்கிறார்கள். யூலையில் கீழே தென்மேல் பருவக்காற்று, மேலே அதற்கு எதிராகக் கிழக்கிலிருந்து பலத்த காற்று. ஏப்ரல், மேயிலும் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையும் அந்த இழுபறி தளர்கிறது. நமக்கு அடி விழுவதும் அப்போதுதான்.

மருத்துவம், பொறியியல், கணக்கியல் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. எந்தக் கல்யாண வீட்டிலும் முழு விபரம் கிடைக்கும். இவளுக்கு நான் சொல்வது பௌதிக விஞ்ஞானம். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் எங்கே கிடைத்தாலும் படிப்புக் கட்டணம் இல்லை. பௌதிகவியலும் கணிதமும் எடுக்கட்டும், கூடவே பைத்தன் என்ற கணினி மொழியும் பழகட்டும். இன்றைய வானிலை எதிர்வுகூறல் பெரும்பாலும் கணினி மாதிரிகளை நம்பித்தான். பிறகு முதுமாணிக்குக் கொச்சின் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது, விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இலங்கை மாணவர்களுக்கு இந்திய அரசின் புலமைப்பரிசிலும் உண்டு. வேலை என்றால் பௌத்தாலோக மாவத்தை வளிமண்டலவியல் திணைக்களம் மட்டும் இல்லை. விமானங்களுக்கு வானிலை வேண்டும், மன்னார்க் காற்றாலைக்கு நாளைய காற்று எவ்வளவு என்று தெரிய வேண்டும், காப்புறுதிக்காரருக்கு வெள்ளக் கணக்கு வேண்டும். திணைக்களத்தில் வருடம் தவறாமல் வெற்றிடம் வரும் என்று உத்தரவாதம் தரமாட்டேன். அந்தத் தனியார் பட்டத்துக்கு மட்டும் யார் தந்தார்கள்?

காணியை விற்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. பிள்ளைக்கு மனமில்லாத படிப்பு இரண்டாம் வருடத்தில் நின்றால் காணியும் திரும்பாது, கட்டிய காசும் திரும்பாது.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் விருப்ப வரிசையை அவளே போடட்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள். கடவுச்சொல்லை மட்டும் அண்ணருக்குக் கொடுத்துவிடாதீர்கள்.