ஏர் ஃபில்டரும் ஹெடரும் மாற்றியபின் ஐடில் ஆடுகிறது, சிக்னலில் வண்டி ஆஃப் ஆகிறது: இசியு போயிருக்குமா?

நீங்கள் சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: நாகர்கோவில், 2018 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் கார். ஒரே நாளில் கோன் ஏர் ஃபில்டர், ஃப்ரீ ஃப்ளோ ஹெடர் (என்ஜினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்), புது பிளக், எல்இடி ஹெட்லைட் என நான்கு வேலை. மறுநாளிலிருந்து ஐடிலில் ஆர்பிஎம் முள் 600-க்கும் 1300-க்கும் நடுவே ஏறி இறங்குகிறது. வடசேரி சிக்னலில் ஏசியோடு நின்றால் ஆஃப். ஒர்க்ஷாப்பில் "இசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போச்சு" என்கிறார்கள்.

இசியுவுக்குக் காசு எடுத்து வைக்காதீர்கள். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய வண்டியில் நான்கு பொருளை மாற்றியதும் கோளாறு வந்தால், அந்த நான்கிலோ, அவற்றை மாட்டும்போது கழற்றிய எதிலோதான் தேட வேண்டும். அனுபவத்தில் இரண்டாவதுதான் அதிகம். புதுப் பொருள் நன்றாகவே இருக்கும்; அதற்கு வழிவிடக் கழற்றிய ஒரு விரல் நீள ஓஸ் திரும்ப மாட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருக்கும்.

முதலில் செலவில்லாத ஒன்று. எல்இடி மாட்டும்போது பேட்டரியைக் கழற்றியிருப்பார்கள். என்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் திராட்டில் பிளேட்டின் ஓரத்தில் கரி படியப் படிய, அதை ஈடுகட்டப் பிளேட்டை எவ்வளவு திறக்க வேண்டும் என்று இசியு பழகி வைத்திருக்கும். பேட்டரி கழன்றால் பல வண்டிகளில் அந்தப் பழக்கம் அழிந்துவிடும். கரி அப்படியே இருக்கும், கணக்கு மட்டும் புதுவண்டிக் கணக்கு. காற்று போதாமல், ஏசி கம்ப்ரசர் ஓடத் தொடங்கியதும் என்ஜின் ஆஃப் ஆகும். த்ராட்டில் பாடி கிளீனரைத் துணியில் அடித்து பிளேட்டின் விளிம்பையும் உள்சுவரையும் துடையுங்கள். எலக்ட்ரானிக் திராட்டில் என்றால் சாவி ஆனில் இருக்கும்போது பிளேட்டை விரலால் தள்ளக் கூடாது, உள்ளே இருப்பது பிளாஸ்டிக் பல்சக்கரம். பிறகு ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை சூடாக்கி, ஏசி, லைட், பாட்டு எல்லாம் அணைத்து ஆக்சிலரேட்டரைத் தொடாமல் 10 நிமிடம், ஏசி போட்டு 5 நிமிடம் ஐடிலில் விடுங்கள். சில மாடல்களுக்கு ஸ்கேனர் வைத்துத்தான் ஐடில் லேர்னிங் செய்ய முடியும். எந்த நிலையிலும் திராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருக வேண்டாம். அதைத் திருகி ஐடிலைத் தூக்கிக் கொடுத்தால் கோளாறு போகாது, ஒளிந்துகொள்ளும்.

இதில் தீர்ந்தால் நல்லது. ஆனால் 1300 வரை ஏறி இறங்குவது வெறும் கரியின் வேலை மாதிரித் தெரியவில்லை. எங்கோ கூடுதல் காற்று நுழைகிறது. இங்கே ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும்: உங்கள் வண்டி காற்றை எப்படி அளக்கிறது?

ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் திராட்டிலுக்கும் நடுவே குழாயிலேயே சென்சார் இருந்தால் அது மாஃப், உள்ளே போகும் காற்றை நேரடியாக எடை போடுவது. திராட்டிலுக்கு அப்பால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டின் மேல் உட்கார்ந்திருந்தால் மேப், உள்ளே இருக்கும் அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடுவது. இரண்டிலும் காற்றுக் கசிவு ஒரே மாதிரி வெளிப்படாது. ஊரில் பாதிப் பேர் இங்கேதான் வழி தவறுகிறார்கள்.

மாஃப் வண்டியில் சென்சாரைத் தாண்டி எங்கே ஓட்டை இருந்தாலும் அந்தக் காற்று கணக்கில் வராது. பெட்ரோல் குறைவாக விழும், லீன் ஆகும், ஐடில் தடுமாறி ஆஃப் ஆகும். கோன் ஃபில்டர் குழாயின் கிளாம்ப் சரியாக இறுகாவிட்டாலே போதும். எண்ணெய் பூசும் பருத்தி ஃபில்டர் என்றால், எண்ணெய் அதிகமாகி மாஃப் கம்பியில் படிந்து அளவையே பிசகச் செய்யும். அதற்கென்று விற்கும் மாஃப் கிளீனரை மட்டும் அடியுங்கள், பிரேக் கிளீனர் வேண்டாம்.

மேப் வண்டியில் திராட்டிலுக்கு முன்னால் இருக்கும் ஓட்டை ஐடிலை அசைக்காது. தூசி போகும், அவ்வளவுதான். திராட்டிலுக்குப் பின்னால் ஓட்டை இருந்தால் அழுத்தம் கூடியதைப் பார்த்து இசியு பெட்ரோலையும் கூட்டிக் கொடுக்கும். ஆர்பிஎம் எகிறும். அதை அடக்கத் திராட்டிலை மூடும், பெட்ரோலை வெட்டும், முள் தொப்பென்று விழும், மறுபடி பெட்ரோல், மறுபடி எகிறும். நீங்கள் சொல்லும் 600-1300 ஆட்டம் அப்படியே இதுதான். 1.2 லிட்டர் வண்டிகளில் மேப் அதிகம், ஆகவே எனக்கு முதல் சந்தேகம் இங்கே.

பானெட்டைத் திறந்து நான்கு இடம் பாருங்கள். வால்வ் கவரிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் பிசிவி ஓஸ். பிரேக் பூஸ்டர் ஓஸ். பெட்ரோல் டேங்க் ஆவியை என்ஜினுக்குள் விடும் கேனிஸ்டர் பர்ஜ் வால்வின் சிறிய ஓஸ். கடைசியாகத் திராட்டில் பாடி கேஸ்கட். பழையதையே திரும்பப் போட்டு, ஓரத்தில் சிலிக்கான் பேஸ்ட் பூசியிருந்தால் அதைப் பிரித்துப் புது கேஸ்கட் போடுங்கள். அந்தப் பேஸ்ட்டின் ஆவி ஆக்சிஜன் சென்சாரையும் கெடுக்கும். ஒவ்வொரு ஓஸாக இடுக்கியில் துணி சுற்றி நெரித்துப் பாருங்கள். எதை நெரிக்கும்போது ஐடில் அடங்குகிறதோ அந்த வழிதான். பர்ஜ் வால்வ் மூடாமல் நின்றுவிட்டால் பங்கில் பெட்ரோல் நிரப்பிய கையோடு ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், அது ஒரு தனி அடையாளம். கசிவு தேட கார்ப் கிளீனரை அடிப்பது வழக்கம்தான், ஆனால் சூடான ஹெடர் பக்கத்தில் அதைச் செய்யாதீர்கள். ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் போதும். ஓட்டையில் தண்ணீர் பட்டதும் உறிஞ்சும் சத்தமும் ஆர்பிஎம்மும் ஒரு கணம் மாறும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. பல வண்டிகளில் பழைய ஏர் ஃபில்டர் பெட்டியில் உள்காற்று வெப்பநிலை சென்சார் ஒன்று செருகியிருக்கும். கோன் ஃபில்டரில் அதற்கு ஓட்டை இல்லையென்றால் சும்மா தொங்கவிட்டிருப்பார்கள், இல்லை கனெக்டரையே கழற்றியிருப்பார்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் ஓபிடி கருவியை (இசியு காட்டும் எண்களைப் போனில் படிக்க உதவுவது) செருகிப் பாருங்கள். உள்காற்று வெப்பநிலை −40 என்று காட்டினால் சென்சார் இணைப்பே இல்லை என்று பொருள். கன்னியாகுமரி மாவட்டத்தில் அது எந்த மார்கழிக்கும் வராது. 70 காட்டினால் அது என்ஜின் சூட்டை மோந்துகொண்டிருக்கிறது.

அந்தக் கருவியிலேயே ஃபியூயல் ட்ரிம் பாருங்கள், அதாவது இசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்ற கணக்கு. குறுகிய கால, நீண்ட கால ட்ரிம் இரண்டையும் கூட்டினால் ±10-க்குள் இருக்க வேண்டும். ஐடிலில் +20, 2500 ஆர்பிஎம்மில் +3 என்று இறங்கினால் காற்றுக் கசிவு. நேர்மாறாக, வேகம் கூடக் கூட ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் போதவில்லை. பம்ப், ஃபில்டர் பக்கம் போங்கள். மேப் வண்டியில் கசிந்த காற்றும் கணக்கில் வந்துவிடுவதால் ட்ரிம் நல்லபிள்ளையாக இருந்து ஏமாற்றலாம். அங்கே மேப் அளவைப் பாருங்கள்: சாவி ஆன், என்ஜின் ஆஃப் என்றால் நம் கடலோரத்தில் 100 கிலோபாஸ்கல் அருகில், சூடான ஐடிலில் சுமார் 25 முதல் 40.

இனி ஹெடர். இதன் தந்திரம் வேறு. ஹெடர் ஃபிளாஞ்சில் (என்ஜினோடு சேரும் தட்டையான முகத்தில்) மயிரிழை இடைவெளி இருந்தால் புகை வெளியே வருவது மட்டுமல்ல, ஒவ்வொரு புகைத் துடிப்புக்கும் இடையே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். முன் ஆக்சிஜன் சென்சார் அந்தக் காற்றைப் பார்த்து "லீன்" என்று சொல்லும். இசியு நம்பி பெட்ரோலை அள்ளி ஊற்றும். ஸ்கேனரில் பி0171 (லீன் என்று சொல்லும் கோளாறு எண்), ட்ரிம் +20. ஆனால் பிளக்கைக் கழற்றினால் முனை கரிக்கட்டையாகக் கறுத்திருக்கும், சைலன்சரில் பெட்ரோல் வாடை வரும். கருவி லீன் என்கிறது, பிளக் ரிச் (பெட்ரோல் அதிகம்) என்கிறது. இந்த முரண்பாடு கண்ணில் பட்டால் இன்ஜெக்டரையும் பம்பையும் விட்டுவிட்டு நேராக ஹெடர் கேஸ்கட்டுக்குப் போங்கள்.

உறுதி செய்ய, காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஹெடர் பக்கம் காது கொடுங்கள். டிக் டிக் என்ற சத்தம் சூடானதும் மறைந்தால் அங்கே கசிவு. இன்னும் தெளிவாக வேண்டுமென்றால், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது வேக்கும் கிளீனரின் காற்று வெளியேறும் பக்கத்தைச் சைலன்சர் வாயில் துணி சுற்றிப் பொருத்தி ஓடவிட்டு, ஃபிளாஞ்சில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழ் வரும் இடம்தான். விலை மலிந்த ஹெடர்களில் வெல்டிங் சூட்டில் ஃபிளாஞ்ச் வளைந்தே வரும்; ஸ்டீல் ஸ்கேலை வைத்து 0.15 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைந்தால் எத்தனை கேஸ்கட் மாற்றினாலும் நிற்காது, லேத்தில் கொடுத்து முகம் சமன் செய்ய வேண்டும். நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இறுக்கி, சூடாகி ஆறியதும் மறுபடி ஒருமுறை இறுக்குங்கள்.

புகைச் சோதனைத் தாளையும் வீசிவிடாதீர்கள். பிஎஸ் 4 பெட்ரோல் வண்டிக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம் வரைதான் அனுமதி. மோனாக்சைடு எகிறினால் ரிச். அது குறைந்து ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறினால் ஏதோ சிலிண்டர் சரியாக எரியவில்லை, அதாவது மிஸ்ஸிங். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையே எடுத்துவிட்ட ஹெடராக இருந்தால் இந்த எண்கள் எப்படியும் ஏறித்தான் நிற்கும். அப்போது இதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, சான்றிதழும் கிடைக்காது.

பிளக்குக்கு அதிகம் சொல்ல இல்லை. கையேட்டில் உள்ள பாக எண்ணும் வெப்ப எண்ணும் ஒத்துப்போகிறதா, இடைவெளி ஒத்துப்போகிறதா (பெரும்பாலும் 0.8 முதல் 1.1 மி.மீ.க்குள்), பீங்கானில் விரிசலோ கறுப்புக் கோடோ இருக்கிறதா என்று பாருங்கள். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் மழை நாளில் மட்டும் மிஸ்ஸிங் வரும். நமக்கு இரண்டு பருவமழை, ஆகவே அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

எல்இடி வயரிங்கில், ஒயரைச் சீவாமல் கவ்வும் கிளிப் போட்டு இணைத்திருந்தால் கழற்றி எறியுங்கள். குளச்சல், முட்டம் பக்கம் ஓடும் வண்டியில் உப்புக்காற்று பட்டு ஒரே வருடத்தில் பச்சைப் பொடி பூத்துவிடும். லைட், ஏசி, புளோயர் எல்லாம் போட்டு ஐடிலில், பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி இறுக்குங்கள். பேட்டரியில் அதே நேரம் 13.5 வோல்ட்டாவது இருக்க வேண்டும்.

இவ்வளவையும் சோதிக்கப் பொறுமை இல்லையென்றால் ஒரே ஒரு வேலை: பழைய ஏர் ஃபில்டர் பெட்டியை அதன் எல்லா ஓஸ்களோடும் சென்சாரோடும் திரும்ப மாட்டி, இரண்டு நாள் ஓட்டுங்கள். ஆட்டம் நின்றால் ஹெடரைத் தொடவே வேண்டாம். நிற்காவிட்டால் அடுத்தது ஹெடர் கேஸ்கட். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ட்ரிம், மேப் எண்களை மாற்றும் முன்னும் பின்னும் எழுதி வைத்து இங்கே போடுங்கள், சென்சார் மாஃபா மேப்பா என்பதையும் சேர்த்து.