ஒரே எழுத்து: பாலா, சிங்கமா?

கேள்வி: உருது நன்றாக வாசிப்பேன். இப்போது பாரசீகம் படிக்கிறேன், குர்தியச் செய்திகளையும் எழுத்துக்கூட்டிப் பார்க்கிறேன். ஒரே மாதிரி எழுதிய சொற்கள் மூன்றிலும் வருகின்றன. உருது அகராதியை வைத்தே சமாளிக்கலாமா? சொல்லின் மூலத்தை எப்படி அறிவது?

பதில்: உருது அகராதியை மட்டும் நம்பி இறங்காதீர்கள். பாரசீகமும் குர்தியமும் ஈரானிய மொழிகள், கூடப்பிறந்தவை. உருது இந்திய-ஆரிய மொழி. பாரசீகச் சொற்களை வாங்கிக்கொண்டது. அரபுச் சொற்கள்கூட அதற்குப் பெரும்பாலும் பாரசீகத்தின் வழியாகவே வந்தன.

ஷீன், யே, ரே என்ற மூன்று எழுத்துகளைச் சேர்த்து எழுதுங்கள். உருதுவில் அதை 'ஷீர்' என்றால் பால், 'ஷேர்' என்றால் சிங்கம் அல்லது புலி. ரம்ஜானுக்குக் கிடைக்கும் ஷீர் குர்மாவில் இருப்பது முதல் சொல். ஷேர் ஷா பெயரில் இருப்பது இரண்டாவது. இன்றைய ஈரானில் இரண்டுமே 'ஷீர்'தான், தண்ணீர்க் குழாயின் திருகும் அதேதான். பழைய பாரசீகக் கவிதைக் காலத்தில் அப்படி இல்லை. ஷேரும் ஷீரும் எழுத்தில்தான் ஒன்றுபோல் இருக்கின்றன என்று 13ஆம் நூற்றாண்டிலேயே ரூமி பாடியிருக்கிறார். அப்போது காதுக்கு அவை வேறு வேறாகக் கேட்டன என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். ஈரான் கைவிட்ட அந்த 'ஏ' ஓசையை உருதுவும் காபூல் பாரசீகமும் காப்பாற்றி வைத்திருக்கின்றன. உருது அறிந்த உங்களுக்கு இது பெரிய அனுகூலம். பாலைக் குறிக்கும் ஷீர், வடமொழி க்ஷீரத்தோடு ஒரே வேரில் பிறந்தது.

சொரானி குர்தியத்தில் இந்தக் குழப்பமே கிடையாது. சிங்கம் என்றால் யே எழுத்தின் மேல் சிறிய கவைக்குறி போடுவார்கள், பாலுக்குப் போடமாட்டார்கள். உயிரெழுத்துகளையும் பெரும்பாலும் எழுதிவிடுவதால், அரபுச் சொற்கள்கூட அங்கே வேறு உருவில்தான் தென்படும். இன்னொரு குர்திய வகையான குர்மாஞ்சியைத் துருக்கியில் லத்தீன் எழுத்தில் எழுதுகிறார்கள். எனவே எழுத்து ஒற்றுமை உங்களை ஏமாற்றுவது முக்கியமாக உருதுவுக்கும் பாரசீகத்துக்கும் இடையில்தான்.

அதிகம் ஏமாற்றுபவை அரபுச் சொற்களே. 'தக்லீஃப்' அரபியில் பொறுப்பைச் சுமத்துவது. ஈரானியக் குழந்தைக்கு அது வீட்டுப்பாடம். உருது பேசுபவருக்கு வலி, தொந்தரவு. 'கரீப்' ஈரானில் அந்நியன், உருதுவில் ஏழை. 'ஜுலூஸ்' அங்கே அமர்தல், இங்கே ஊர்வலம். 'அவ்ரத்' விஷயத்தில் கவனமாக இருங்கள்: உருதுவில் பெண் என்று இயல்பாகச் சொல்லும் சொல், பாரசீகத்தில் மறைக்கவேண்டிய உடலுறுப்பைக் குறிக்கும். தெஹ்ரானில் பெண்ணுக்கு 'ஸன்' அல்லது 'கானும்' என்றே சொல்லுங்கள்.

மூலம் பார்க்க பிளாட்ஸின் உருது அகராதி (1884) இன்றும் உதவும். சொல் பாரசீகமா, அரபியா, வடமொழியா என்று ஓர் அடையாள எழுத்து அதில் இருக்கும். அதே சொல்லை ஸ்டைன்காஸின் பாரசீக அகராதியிலும் (1892) பாருங்கள். இரண்டும் இணையத்தில் கிடைக்கின்றன. ஆனால் இன்றைய ஈரானியப் பொருளுக்கு நவீன அகராதி ஒன்று கட்டாயம் வேண்டும்.

குர்தியச் சொல்லில் 'ஸ' (z) வரவேண்டிய இடத்தில் 'ழ்ஹ' (zh) போன்ற மெல்லிய ஓசை வந்தால், அது பெரும்பாலும் பாரசீகத்திடம் வாங்கிய சொல் அல்ல, சொந்தச் சொல். பாரசீக 'ஸன்' அங்கே 'ழ்ஹின்' (பெண்). 'ரூஸ்' அங்கே 'ரோழ்ஹ்' (நாள்).