பினாங்குக்கு வரும் தம்பிக்கு: நிலம் ஆடினால் யார் வருவார்கள்?

தம்பி, அடுத்த மாதம் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை வேலைக்கு வருகிறேன், கம்பெனி 22-வது மாடியில் வீடு பார்த்திருக்கிறது, 2025-ல் பாங்காக்கில் கட்டடம் சரிந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை, அங்கே நிலநடுக்கம் வந்தால் அரசாங்கம் நம்மையும் கவனிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை, சாப்பாடு, சிம் கார்டு. சாப்பாட்டுக்கு லிட்டில் இந்தியா இருக்கிறது, கவலையே வேண்டாம். நிலநடுக்கத்துக்கு வருகிறேன்.

பினாங்கும் கோலாலம்பூரும் பெரிய பிளவுக்கோட்டின் மேல் இல்லை. ஜொகூரில் சிகாமட் பக்கம் 2025 ஆகஸ்டில் 4.1 அளவில் ஒன்று வந்தது, அதைத் தொடர்ந்து சிறியவை சில. கடல் தாண்டிப் போர்னியோவில் இருக்கும் சபா மாநிலம் வேறு கதை. அங்கே 2015-ல் ரானாவ் பக்கம் 6.0 வந்து கினபாலு மலையில் 18 பேர் இறந்தார்கள். நமக்கு ஆட்டம் வருவது எதிரே இருக்கும் சுமத்ராவிலிருந்து. தூரத்துப் பெரிய நிலநடுக்கம் மெதுவான அலையாக வந்து உயரக் கட்டடங்களைத்தான் அசைக்கும். கீழே தேநீர் குடிப்பவருக்குத் தெரியவே தெரியாது. பாங்காக்கும் மியன்மார் நிலநடுக்கத்தின் மையத்திலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர். அந்த ஊரின் அடியில் இருக்கும் சேற்றுக் களிமண் ஆட்டத்தைப் பெரிதாக்கிவிட்டது. மலேசியாவில் நிலநடுக்கத்துக்கான கட்டட விதிமுறை 2017-ல்தான் வெளிவந்தது. அதற்கு முந்தைய கட்டடங்கள் பெரும்பாலும் அந்தக் கணக்கு இல்லாமல் எழும்பியவை. உங்கள் வீடு எந்த வருஷம் கட்டியது என்று கம்பெனியிடம் கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

நான் வந்தது 2004-ல். அடுத்த மார்ச்சில், நள்ளிரவு தாண்டிச் சில நிமிஷம், சுமத்ராவை ஒட்டிய நியாஸ் தீவுப் பக்கம் 8.6. ஜெலுத்தோங் பிளாட்டில் படுத்திருந்தேன். காற்றே இல்லாமல் சாமி விளக்கு ஆடியது, குளியலறை வாளியில் தண்ணீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மோதியது. யார் வந்தார்கள் தெரியுமா? எதிர்வீட்டு மலாய் அம்மா. தலையில் முக்காட்டைப் போட்டபடி மாடியில் ஒவ்வொரு கதவாகத் தட்டி எல்லோரையும் படிக்கட்டுக்குத் தள்ளினார். லிஃப்ட் பக்கம் போன ஒரு பையனைக் கையைப் பிடித்து இழுத்தார். கீழே கார் நிறுத்தும் இடத்தில் ஒரு சீனப் பெரியவர் ரேடியோவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கடல் மறுபடி வருமா வராதா என்பதுதான் அங்கே எல்லோர் வாயிலும். ரேடியோ மலாயில் சொன்னது எனக்குப் பாதிதான் விளங்கியது.

கடல் என்றால் ஏன் அவ்வளவு பயம்? அதற்கு மூன்று மாதம் முன்புதான் சுனாமி. நான் நாகப்பட்டினத்துக்காரன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவில் நிலம் அதிர்ந்தது மலேசிய நேரப்படி காலை 9 மணிக்குச் சற்று முன்பு. அலை எங்கள் ஊரைத் தாக்கியது இதே மலேசிய நேரப்படி பதினொன்றரை மணி வாக்கில். பினாங்குக்கு வந்ததோ பகல் ஒரு மணிக்கு மேல்! சுமத்ராவின் வடமுனையைச் சுற்றிக்கொண்டு, ஆழமில்லாத மலாக்கா நீரிணைக்குள் நுழைந்ததால் வேகம் குறைந்து வந்தது. அதாவது ஊரில் பிணம் ஒதுங்கிக்கொண்டிருந்தபோது, இங்கே பத்து பிரிங்கி கடற்கரையிலும் பாசிர் பாஞ்சாங்கிலும் குடும்பம் குடும்பமாக விடுமுறையைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் கையில் இருந்தது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பினாங்கில். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

அதன் பிறகு வானிலை இலாகா எச்சரிக்கை மையம் அமைத்தது, கடலோரங்களில் சைரன் நிறுவினார்கள். 2012 ஏப்ரலில் சுமத்ரா பக்கம் மறுபடி 8.6 வந்தபோது கடலோர மக்களை அன்றே வெளியேறச் சொன்னார்கள். பெரிய அலை வரவில்லை. ‘வீணாக அலைக்கழித்தார்கள்’ என்று நம் ஆட்கள் சிலர் புலம்பினார்கள். அலை வராததற்குப் புலம்பும் ஆளை நாகப்பட்டினத்துக்கு அழைத்துப் போய்க் காட்ட வேண்டும்.

மீட்புக்கு ஆள் உண்டா என்றால், உண்டு. 1993-ல் கோலாலம்பூர்ப் பக்கம் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்து 48 பேர் இறந்தார்கள். அந்த அடிக்குப் பிறகு உருவானதுதான் ஸ்மார்ட் என்கிற தனி மீட்புக் குழு. துருக்கிக்கும் மியன்மாருக்கும் போய் இடிபாடுகளில் தேடியவர்கள். 2015 முதல் பேரிடர் வேலைகளை ஒருங்கிணைக்க நட்மா இருக்கிறது. போலீஸ், ஆம்புலன்ஸ், பொம்பா என்கிற தீயணைப்புப் படை எதுவானாலும் 999 ஒரே எண். வீட்டை விட்டு வெளியேற்றினால் பள்ளிக்கூடத்திலோ மண்டபத்திலோ தங்க வைப்பார்கள், பெயரைப் பதிவார்கள். வெள்ளத்தில் நான் பார்த்த வரை சோறும் பாயும் கேள்வி கேட்காமல் கொடுத்தார்கள். ஆனால் பிறகு அறிவிக்கும் உதவிப் பணம் குடிமக்களை நினைத்துப் போடப்படுவது. அதை நம்பி உட்காராதீர்கள்.

இங்கேதான் என் முக்கியமான எச்சரிக்கை: பாஸ்போர்ட். சுனாமி அன்று ஊருக்குப் போன் கிடைக்கவில்லை, விமானம் ஏறலாம் என்றால் என் பாஸ்போர்ட் ஏஜெண்டின் மேசை டிராயரில். அவர் விடுமுறைக்கு ஈப்போ போய்விட்டார். அலுவலகப் பூட்டைப் பார்த்துக்கொண்டு நான் நின்ற நிலை எந்தப் பிள்ளைக்கும் வர வேண்டாம். அம்மா உயிரோடு இருக்கிறார் என்று தெரிய வந்தது தஞ்சாவூர் மாமா மூலம், வெகு நேரம் கழித்து. அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது 1966-ம் வருஷச் சட்டப்படி இங்கே குற்றம். ‘பத்திரமாக வைக்கிறோம்’ என்பார்கள், கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட், பெர்மிட் இரண்டின் நகலும் போனில் ஒன்று, ஊரில் வீட்டாரிடம் ஒன்று இருக்கட்டும்.

இரண்டாவது, மலாய் படியுங்கள். மின்னல் எஃப்எம்-இல் தமிழில் செய்தி வரும், நல்லது. ஆனால் மாடிப்படியில் நிற்கும்போது செக்யூரிட்டியும் பொம்பாவும் கத்துவது மலாயில். பத்து வருஷம் இங்கே இருந்தும் தே தாரிக் டீ வாங்குவதற்கு மேல் ஒரு வார்த்தை தெரியாத நம்மவர்கள் இருக்கிறார்கள். கொண்டோ என்கிற வசதியான அடுக்குமாடியில் இருக்கும் படித்தவர்கள் இன்னும் மோசம், பக்கத்து வீட்டுக்காரர் பெயரே தெரியாது. ஆட்டம் வந்தால் வாட்ஸ்அப்பில் வரும் புரளியை நம்பி அதையே நாலு பேருக்கு அனுப்புவார்கள். நான் அந்த 2005 ராத்திரிக்குப் பிறகு எதிர்வீட்டு அம்மாவிடமே மலாய் கற்றேன். இப்போது எங்கள் பிளாட் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து மலாயில் பேசுகிறேன், தீயணைப்புப் பயிற்சி நாளில் நம் பையன்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்வதும் நான்தான்.

வந்த முதல் வாரமே உங்கள் மாடியிலிருந்து படிக்கட்டில் ஒரு முறை இறங்கிப் பாருங்கள். கதவு ஏதாவது பூட்டியிருந்தால் மேனேஜ்மெண்டிடம் சண்டை போட்டுத் திறக்க வையுங்கள். ஆடும்போது ஓடாதீர்கள், மேசைக்கு அடியில் இருந்துவிட்டு, நின்றதும் இறங்குங்கள். கடலோரத்தில் இருக்கும்போது நிலம் பலமாகவோ வெகு நேரமாகவோ ஆடினால், சைரனுக்குக் காத்திருக்காமல் உள்பக்கம் மேட்டுக்குப் போங்கள்.

வாடகையை வந்த பிறகு பேசிக்கொள்ளலாம். சிம் கார்டு விமான நிலையத்திலேயே கிடைக்கும். ஸ்வெட்டர் எடுத்து வராதீர்கள், வருஷம் முழுக்க வெக்கைதான்.