காற்றடித்தால் போகாது, டேங்கை இறக்குங்கள்

கேள்வி: அப்பா ராணுவ ஏலத்தில் எடுத்த நிசான் ஒரு டன் லாரி 14 வருடமாகத் தென்னந்தோப்பில் நின்றது. புது பேட்டரி போட்டு, கார்பரேட்டரைக் கழுவி, பெட்ரோல் ஊற்றியதும் ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஆனால் இரண்டு கிலோமீட்டர் போனதும் திணறி நின்றுவிடுகிறது, பத்து நிமிடம் விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. மெக்கானிக் இரண்டு முறை டியூபில் காற்றடித்தார். இரண்டு நாள் ஓடும், அப்புறம் அதே கதை. டேங்கையே மாற்ற வேண்டுமா? (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: மாற்றிவிடாதீர்கள். ஜபல்பூர் ராணுவ வண்டித் தொழிற்சாலையில் கட்டிய வண்டியின் டேங்க் போனால் அதே மாதிரி இன்னொன்று தேடி அலைய வேண்டும். பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. டேங்குக்குள் பெட்ரோலை உறிஞ்சும் குழாயின் வாயில் துருவும் பிசினும் போய் ஒட்டுகின்றன, இன்ஜின் நின்றதும் உறிஞ்சல் விட்டு, கசடு கீழே உட்கார்ந்து வழி திறந்துவிடுகிறது. காற்றடித்தபோது நடந்ததும் இதுதான், கசடு வெளியே வரவில்லை, டேங்கின் இன்னொரு மூலைக்குப் போனது, அவ்வளவுதான். ராணுவ ஜீப்பான ஜோங்காவில் இருக்கும் அதே நாலு லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜின் இது. சும்மா நின்று ஓடும்போது சொட்டுப் பெட்ரோல் போதும், மேடு ஏறும்போது கேட்கிற அளவு வராவிட்டால் படுத்துவிடும்.

இறக்கும் முன் இரண்டு சோதனை. வண்டி திணறி நின்றுவிடும் சமயம் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போய், உடனே ஸ்டார்ட் ஆனால் மூடியின் காற்றுத் துளைதான் அடைத்திருக்கிறது, ஒரு மெல்லிய கம்பியோடு வேலை முடிந்தது. இல்லையென்றால் தனி கேனிலிருந்து புது ஓஸ் வழியாக நேராக பம்புக்கு பெட்ரோல் கொடுத்து, தோப்பில் வண்டியை நிறுத்தியபடியே நன்றாக ரேஸ் பண்ணிப் பாருங்கள். கேனும் ஓஸும் சைலன்சர் பக்கம் போகக் கூடாது. சீராக ஓடினால் கோளாறு டேங்கில்தான்.

டேங்கை இறக்கியதும் பழைய பெட்ரோலை வெட்டவெளியில் வடித்துவிட்டு, சோப்புத் தூள் கலந்த சுடுநீரில் நாலைந்து தடவை கழுவுங்கள். பிறகு இரண்டு கைப்பிடி நட்டுகளை எண்ணிப் போட்டுக் குலுக்குங்கள், எண்ணித்தான் வெளியே எடுக்க வேண்டும். சங்கிலி போட வேண்டாம். பெரிய டேங்குகளில் பெட்ரோல் அலையாமலிருக்க உள்ளே தடுப்புத் தகடுகள் உண்டு, அதில் சிக்கினால் வெளியே வராது. அந்தத் தகடுகளின் பின்னால்தான் கசடும் ஒளிந்திருக்கும், அதனால் எல்லாப் பக்கமும் திருப்பிக் குலுக்குங்கள். துருவுக்கு வினிகர் ஊற்றி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டி, ஓரிரு நாள் விடலாம். அப்புறம் ஆப்ப சோடா கரைத்த நீரில் அலசி உடனே உலர்த்துங்கள். ஈரம் நின்றால் ஒரு மணி நேரத்திலேயே புதுத் துரு பூக்கும். உலர்ந்த கையோடு கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிடுங்கள்.

துரு போனதும் ஊசித் துளைகள் தெரியலாம். தயவுசெய்து வெல்டிங் பட்டறைக்குக் கொண்டு போகாதீர்கள். காலி டேங்கில் ஆபத்தில்லை என்று நினைப்பவர்கள்தான் உயிரை விடுகிறார்கள், உள்ளே ஆவி தங்கிய காலி டேங்க், பெட்ரோல் நிறைந்த டேங்கைவிட மோசமாக வெடிக்கும். டேங்க் வேலை பழகிய ரேடியேட்டர் கடையில் ஈயம் வைத்துத் தரச் சொல்லுங்கள்.

ஓஸ்களையும் பம்புக்குள் இருக்கும் ரப்பர் சவ்வான டயாஃப்ரமையும் மாற்றிவிடுங்கள். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது, அந்தக் காலத்து ரப்பர் அதைத் தாங்காது. பம்புக்கு முன்னால் கண்ணாடி ஃபில்டர் ஒன்று போட்டால் என்ன வருகிறது என்று கண்ணாலேயே தெரியும். முதல் நூறு கிலோமீட்டருக்குள் இரண்டு மூன்று முறை நிறையும், பயப்படாமல் கழுவிப் போடுங்கள்.

கேள்வி: எங்களுடையது சக்திமான் ராணுவ லாரி, டீசல். இதே முறைதானா? (வாசகர், அரக்கோணம்)

பதில்: கழுவுவது அதேதான், கசடுதான் வேறு. டீசலுக்கு அடியில் தண்ணீர் தேங்கினால் அங்கே நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்பாக வழவழவென்று படியும். முதலில் டிரெயின் பிளக்கைக் கழற்றித் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். டேங்கை மாட்டிய பிறகு லைனில் ஏர் எடுக்காமல், அதாவது சிக்கிய காற்றை வெளியேற்றாமல், செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்காதீர்கள், பேட்டரிதான் இறங்கும்.