டிவி கேம் எத்தனை வித்துச்சு? – வாசகர் கேள்வி பதில்

மன்னார்குடி வாசகர்: உலகத்தில் முதலில் வந்த டிவி கேம் அடாரிதான் என்கிறேன் நான். இல்லவே இல்லை என்கிறார் மச்சான். பரோட்டா பந்தயம். யார் சொல்வது சரி?

மச்சானுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்துவிடுங்கள். வீட்டு டிவியில் மாட்டி விளையாடும் பெட்டியாக முதலில் கடைக்கு வந்தது மேக்னவாக்ஸ் ஒடிசி. ரால்ஃப் பேர் என்ற பொறியாளரின் யோசனை, அமெரிக்காவில் 1972-இல் விற்பனைக்கு வந்தது. நம் பக்கம் அப்போது டிவியே கிடையாது, சென்னைக்கே தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-இல்தான் வந்தது.

இன்றைக்கு அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தால் சிரிப்பு வரும். சத்தம் கிடையாது, ஸ்கோர் கிடையாது, கறுப்புத் திரையில் நகரும் வெள்ளைப் புள்ளிகளும் ஒரு கோடும், அவ்வளவுதான். டென்னிஸ் மைதானம் தெரிய வேண்டுமா, கூடவே கொடுத்திருக்கும் வண்ண பிளாஸ்டிக் தாளை எடுத்து டிவி கண்ணாடி மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். பகடை, சீட்டு, விளையாட்டு நோட்டு எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருக்கும், கணக்கை நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான். விலை 100 டாலர், அந்தக் காலத்துக்கு நல்ல காசு. 1975-இல் நிறுத்தும்வரை சுமார் 3.5 லட்சம் பெட்டிகள் விற்றன.

ஏன் அதற்கு மேல் போகவில்லை என்றால், என் கணக்கில் குற்றம் பெட்டியில் பாதி, கடையில் பாதி. மேக்னவாக்ஸ் டிவி விற்கும் கம்பெனி, ஒடிசியும் அவர்களுடைய டீலர் கடைகளில்தான் கிடைக்கும். அதனால் இது மேக்னவாக்ஸ் டிவியில் மட்டும்தான் ஓடும்போல என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள், எந்த டிவியிலும் ஓடக்கூடிய சாமான் அது. வேடிக்கை என்னவென்றால், அடாரி கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான நோலன் புஷ்னெல் 1972-இல் ஒடிசியின் செயல்விளக்கத்துக்கு நேரில் போய்ப் பார்த்தவர், அந்த வருடமே பொது இடங்களில் காசு போட்டு ஆடும் அடாரியின் பாங் ஆட்டம் வெளியே வந்துவிட்டது, அதுவும் மட்டையால் பந்தைத் தட்டும் ஆட்டம்தான். பாங் பிரபலமானதும், வீட்டிலும் அதே மாதிரி ஆடலாமே என்று ஒடிசி பக்கம் போனவர்களும் உண்டு! மேக்னவாக்ஸ் அப்புறம் காப்புரிமை வழக்குப் போட, 1976-இல் அடாரி சமரசத்துக்கு வந்து உரிமம் வாங்கிக்கொண்டது.

கும்பகோணம் வாசகி: அடாரி 3 கோடி பெட்டி விற்றது என்கிறார்கள். அவ்வளவு விற்ற கம்பெனி கேம் கேசட்டைக் குழி தோண்டிப் புதைத்ததாமே, கட்டுக்கதைதானே?

கதை இல்லைங்க, நிஜம். 1983-இல் நியூ மெக்சிகோவில் அலமொகார்டோ ஊர் குப்பைக் கிடங்கில் புதைத்தார்கள், 2014-இல் தோண்டியும் எடுத்துவிட்டார்கள். ஈ.டி. சினிமாவை வைத்து வந்த ஆட்டம் மட்டும்தான் புதைந்தது என்று சொல்வதுதான் கதை, தோண்டியபோது பல ஆட்டங்கள் கலந்து வந்தன.

அந்த 3 கோடி ஒரே மூச்சில் விற்றதல்ல. 1977-இல் வந்து 1992 வரை கடையில் இருந்த அடாரி 2600 பெட்டியின் மொத்தக் கணக்கு அது. ஆரம்பத்தில் சுமாராகத்தான் போனது. 1980-இல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கேசட் வந்த பிறகு, அந்த ஒரு ஆட்டத்துக்காகவே பெட்டி வாங்கினார்கள். லாபம் கேசட்டில்தான் என்று தெரிந்ததும் கண்டவரும் கேசட் போட, கடைக்காரர்கள் விற்காததைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்கள். இங்கேதான் விற்பனைப் புள்ளிவிவரத்தை நம்பக் கூடாது. கம்பெனி சொல்வது பெரும்பாலும் குடோனை விட்டுக் கிளம்பிய எண்ணிக்கை. கொள்முதல் நிலையத்து வாசலில் மூட்டையை இறக்கியதுமே பணம் வந்தாச்சு என்று நாம் நோட்டில் எழுதிக்கொண்டால் எப்படி இருக்கும், மழை வந்தால் தெரியும் சேதி. 1983-இல் மட்டும் அடாரிக்கு நஷ்டம் 50 கோடி டாலருக்கு மேல்.

திருத்துறைப்பூண்டி வாசகர்: சின்ன வயதில் சித்தப்பா வாங்கி வந்த டிவி கேம் பரணில் கிடக்கிறது. மரியோ, கான்ட்ரா, வாத்து சுடும் துப்பாக்கி எல்லாம் உண்டு, கேசட்டில் 9999 ஆட்டம் என்று போட்டிருக்கிறது. அது அடாரியா?

இல்லை. ஜப்பானின் நிண்டெண்டோ 1983-இல் 14,800 யென்னுக்கு விட்ட ஃபேமிகாம் பெட்டியின் நகல் அது. அசல் உலகம் முழுக்க 6 கோடியே 19 லட்சம் விற்றது, உங்கள் சித்தப்பா வாங்கியது அந்தக் கணக்கில் சேராது. 9999 என்பதும் சும்மா, ஒரே ஆட்டத்தை வேறு வேறு லெவலிலிருந்து ஆரம்பித்து வேறு பெயர் போட்டிருப்பார்கள்.

அடாப்டரை மாற்றிப் பார்த்தால் பெட்டி ஓடினாலும் ஓடும். துப்பாக்கி மட்டும் இப்போதைய எல்இடி டிவியில் வேலை செய்யாது, பழைய பிக்சர் டியூப் டிவி வேண்டும். பக்கத்து ரிப்பேர் கடையில் கேட்டுப் பாருங்கள், ஒன்றிரண்டு ஓரமாகக் கிடக்கும்.