எதிரியின் மரத்துக்கும் ஒரு சட்டம்

கேள்வி: “பூமியைக் கீழ்ப்படுத்துங்கள் என்ற பைபிள் வசனம்தான் இயற்கை அழிவுக்கு மூலம், முதல் பொறுப்பு யூத மதத்துக்கே” என்று ஒரு கருத்தரங்கில் பேராசிரியர் ஒருவர் முழங்கினார். பலத்த கைதட்டல். உங்கள் கருத்து?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கைதட்டியவர்கள் அடுத்த அதிகாரத்தையும் படித்திருக்கலாம். ஆதியாகமம் முதல் அதிகாரம் ‘கீழ்ப்படுத்தி’ என்கிறது, உண்மைதான். இரண்டாம் அதிகாரமோ, மனிதனைக் கடவுள் தோட்டத்தில் வைத்தது அதைப் ‘பண்படுத்தவும் காக்கவும்’ என்கிறது. பேராசிரியரின் வாதமும் புதிதல்ல. 1967இல் லின் வைட் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் ‘சயன்ஸ்’ இதழில் கிளப்பியது. அவர்கூட முக்கியமாகச் சாடியது மேற்கத்தியக் கிறித்தவத்தை.

யூதர்கள் இந்த வசனங்களை வைத்து என்ன சட்டம் செய்தார்கள் என்று பார்ப்பதுதான் முறை. உபாகமம் 20ஆம் அதிகாரம் போர்ச் சட்டம். ஒரு நகரை எத்தனை நாள் முற்றுகையிட்டாலும் அங்குள்ள கனிமரங்களில் கோடரி படக் கூடாது. பழத்தைப் பறித்துத் தின்னலாம். மரத்தை வெட்டக் கூடாது. கொத்தளம் கட்ட மரம் வேண்டுமானால், உண்ணும் கனி தராத மரத்தைத் தேட வேண்டும். படை வெறிகொண்டு நிற்கும் நேரத்தில், எதிரியின் தோப்புக்குப் பாதுகாப்பு!

யூத மத குருமார்களான ரபிகள் இதை அங்கேயே விட்டுவிடவில்லை. ‘பால் தஷ்கித்’, அதாவது ‘அழிக்காதே’ என்று பெயரிட்டு வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். எண்ணெய் வேகமாகத் தீரும்படி விளக்கை மூடிவைப்பவனும் குற்றவாளி என்கிறது ரபிகளின் சட்ட விவாதங்களைத் தொகுத்த தல்மூத். 12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ், பாத்திரத்தை உடைப்பவன், துணியைக் கிழிப்பவன், ஊற்றை அடைப்பவன், உணவைப் பாழாக்குபவன் எல்லோரையும் இந்தத் தடைக்குள் நிறுத்தினார். தோல் பதனிடும் இடம் ஊரிலிருந்து 50 முழம் தள்ளி, அதுவும் கிழக்குப் பக்கம் மட்டுமே இருக்க வேண்டும் என்பது தல்மூத்துக்கு அடிப்படையான பழைய சட்டத் தொகுப்பு மிஷ்னாவின் விதி. நாற்றம் காற்றோடு ஊருக்குள் வராமலிருக்கத்தான். இதை மர வழிபாடு என்று எண்ண வேண்டாம். பிறருக்குக் கேடு செய்யும் மரத்தை வெட்ட மைமோனிடிஸே அனுமதிக்கிறார். வீணாக அழிப்பதுதான் பாவம்.

ஏழாண்டுக்கு ஒருமுறை நிலத்தைத் தரிசாக விடும் ‘ஷ்மிட்டா’வும் உண்டு. தானாக விளைந்ததை ஏழைகள் எடுத்துக்கொள்ளலாம்; மிச்சம் காட்டு விலங்குகளுக்கு. கடைசியாக வந்தது 2021–22இல். யூதரின் நிலத்துக்கே இந்த விதி என்பதால், நிலத்தைப் பெயரளவுக்கு யூதரல்லாதவருக்கு விற்றுவிட்டுப் பயிரிடும் ஏற்பாடு 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வந்துவிட்டது. ஏழைக் குடியானவர்கள் பட்டினி கிடக்காமலிருக்க ரபிகள் சிலர் கொடுத்த அனுமதி அது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

குறை சொல்ல வேண்டிய இடம் வேறு. இஸ்ரேல் ஆக்கிரமித்திருக்கும் மேற்குக் கரையில் பாலஸ்தீன விவசாயிகளின் ஒலிவ மரங்களை யூதக் குடியேறிகள் வெட்டுகிறார்கள், எரிக்கிறார்கள். தலைமுறைகளாகக் காய்த்த மரங்கள் அவை. யூதர்களின் வேதமான தோரா படிக்கிற வீட்டிலிருந்து கோடரியோடு புறப்படுகிறவனை எந்த ரபியின் விளக்கமும் காப்பாற்றாது. 1988இல் தொடங்கிய ‘மனித உரிமைகளுக்கான ரபிகள்’ அமைப்பினர் அறுவடைக் காலத்தில் அந்த விவசாயிகளோடு தோப்புக்குள் போய்த் துணைக்கு நிற்கிறார்கள். குடியேறிகளிடம் அடி வாங்கிய ரபிகளும் அவர்களில் உண்டு. யூத மரபைப் பற்றி மேடையில் பேசுகிறவர் இவர்களைப் பற்றியும் பேச வேண்டும்.