சீரியல் விமர்சனத்துக்குள் உள்ளூர்க்காரரை இழுத்துவிட்டால்

கேள்வி: ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். வயது 24. டியூஷன் வகுப்பு எடுக்கிறேன். நண்பன் ஒருவனோடு சேர்ந்து வெளிநாட்டு சீரியல்களை யூடியூபில் தமிழில் விமர்சனமும் செய்கிறேன். போன மாதம் பிபிசியின் 'பீக்கி பிளைண்டர்ஸ்' சீரியலின் முதல் எபிசோடைப் பற்றி 18 நிமிட வீடியோ போட்டோம். அதில் வரும் ஷெல்பி என்ற ரவுடிக் குடும்பம் வீட்டுக்குள்ளேயே நடத்தும் குதிரைப் பந்தயக் கடை வரும் இடத்தில், "நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால பச்சைக் கதவு போட்ட புக்கிக்காரரும் ஒரு ஷெல்பிதான், பொலிஸும் அவர் பைக்குள்ள" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். பெயர் சொல்லவில்லை. இப்போது இரண்டு பிரச்சினை. முதலாவது, யூடியூபிலிருந்து காப்பிரைட் அறிவித்தல் வந்திருக்கிறது. இரண்டாவது, அந்தக் கடைக்காரரின் சட்டத்தரணி 50 இலட்சம் ரூபா நட்டஈடு கேட்டு, 14 நாள் தவணை போட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறார். அது தோட்டத்து ஆபீசில் கிடந்து 9 நாள் கழித்துத்தான் கைக்கு வந்தது. பொலிஸிலும் முறைப்பாடு செய்வோம் என்று அதில் இருக்கிறது. பிபிசிக்காரன் வழக்குப் போட்டால் தன் சேமலாப நிதிப் பணம் எல்லாம் போய்விடும் என்று அப்பா தூங்காமல் இருக்கிறார். என்ன செய்வது? அடுத்த எபிசோடுக்கு வீடியோ போடலாமா? (பெயர் வேண்டாம்.)

பதில்: தம்பி, நீங்கள் பயப்படுவது ஒரு பக்கம், ஆபத்து இருப்பது இன்னொரு பக்கம். இங்கிலாந்திலிருந்து ஒருவரும் உங்கள் லயத்தைத் தேடி வரப் போவதில்லை. இரண்டாவது பிரச்சினை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முதலாவது.

யூடியூப் விஷயம் சின்னது, அதை முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். வந்திருப்பது ஸ்ட்ரைக் அல்ல, கிளெய்ம். இரண்டும் வேறு. மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் சேனலையே மூடிவிடுவார்கள். கிளெய்ம் என்பது பெரும்பாலும் இயந்திரம் பாட்டையோ படத்தையோ அடையாளம் கண்டு தானாகப் போடுவது. உங்களுடையதில் மாட்டியிருப்பது சீரியலின் காட்சிகூட இல்லை, தொடக்கப் பாட்டு. அது சீரியலுக்காக எழுதிய பாட்டும் அல்ல, 1994இல் வந்த பழைய பாட்டு. அதற்கு உரிமையாளர் வேறு. அந்தப் பாட்டை முழுதாக ஓடவிட்டு அதன் மேல் உங்கள் பெயர்களைப் போட்டிருக்கிறீர்கள். அது விமர்சனம் இல்லை, அலங்காரம். யூடியூப் ஸ்டூடியோவுக்குள் போய் அந்த இடத்தில் பாட்டை மட்டும் நீக்கிவிடுங்கள், கிளெய்ம் போய்விடும்.

காட்சிகளைப் பொறுத்தவரை உங்கள் நிலை மோசமில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, விமர்சனத்துக்காகவும் கருத்துரைக்காகவும் ஒரு படைப்பை நியாயமாகப் பயன்படுத்துவது பதிப்புரிமை மீறல் அல்ல என்கிறது. எது நியாயம் என்று பார்க்க நாலு விஷயத்தைக் கவனிக்கச் சொல்கிறது: எதற்காக எடுத்தீர்கள், எப்படிப்பட்ட படைப்பு, எவ்வளவு எடுத்தீர்கள், அதனால் உரிமையாளரின் சந்தை கெடுகிறதா. கிட்டத்தட்ட ஒரு மணி நேர எபிசோடில் நீங்கள் எடுத்தது சின்னச் சின்னத் துண்டுகள். ஒவ்வொன்றையும் நிறுத்தி அதைப் பற்றிப் பேசுகிறீர்கள். ஷெல்பி கறுப்புக் குதிரையில் வர, சீனப் பெண் சிவப்புப் பொடியை ஊதும் காட்சியை நீங்கள் பிரித்துச் சொன்ன விதம் எனக்கே பிடித்தது. இதுவே, வேறு சிலர் செய்யும் 'முழுக் கதையும் 20 நிமிடத்தில்' வகை வீடியோ என்றால் இந்தப் பதிலை எழுதியிருக்க மாட்டேன். எபிசோடைத் துண்டு துண்டாக ஓடவிட்டு மேலே கதை சொல்வதற்கு விமர்சனம் என்று பெயர் வைத்தால் மட்டும் போதாது.

சரி, கடிதத்துக்கு வருவோம்.

பெயர் சொல்லவில்லை என்பதை நீங்கள் பெரிய பாதுகாப்பாக நினைக்கிறீர்கள். அது பாதுகாப்பே இல்லை. கேட்கிறவர்களில் அவரை அறிந்தவர்களுக்கு ஆள் யாரென்று விளங்கினால் போதும். பஸ் ஸ்டாண்ட், பச்சைக் கதவு, புக்கி. அந்த ஊரில் இதற்குப் பொருந்துகிறவர் எத்தனை பேர்? போதாததற்கு, வீடியோவின் கீழே ஒருவர் அவருடைய பெயரையே கமெண்டில் எழுதியிருக்கிறார், அதற்கு உங்கள் சேனலிலிருந்து இதயம் போட்டிருக்கிறீர்கள். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி நீதிமன்றத்தில் முதலில் நீட்டப்போவது அந்தப் பக்கத்தின் பிரதியைத்தான்.

அடுத்தது, சொன்னது என்ன. சீரியலின் கதை 1919இல் பர்மிங்காமில் தொடங்குகிறது. அக்காலத்து இங்கிலாந்தில் மைதானத்துக்கு வெளியே காசு வாங்கிப் பந்தயம் பிடிப்பது குற்றம். 1906ஆம் ஆண்டுச் சட்டம் தெருப் பந்தயத்தைத் தடை செய்திருந்தது, 1960இல் புதிய சட்டம் வந்த பிறகுதான் பந்தயக் கடைகள் அங்கே சட்டபூர்வமாகத் திறந்தன. ஷெல்பி சட்டத்துக்குப் புறம்பான புக்கி. கொலைகாரனும்கூட. நம் நாட்டில் அப்படி இல்லை. 1988ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கப் பந்தய, சூதாட்ட அறவீட்டுச் சட்டத்தின் கீழ் அறவீடு கட்டிப் புக்கி நடத்துகிறவர் செய்வது தொழில். அந்தத் தொழில் எனக்கும் பிடிக்காது. சம்பள நாளில் அந்தக் கதவுக்கு முன்னால் நிற்கிறவர்களில், சட்டத்தரணியான என்னிடம் வழக்குக்கு வருகிறவர்களும் உண்டு. ஆனால் பிடிக்காத தொழில் வேறு, குற்றத் தொழில் வேறு. "அவரும் ஒரு ஷெல்பிதான்" என்றால் அவரைக் கும்பல் தலைவன் என்கிறீர்கள். "பொலிஸும் அவர் பைக்குள்ள" என்றால் லஞ்சம் கொடுக்கிறார் என்கிறீர்கள். முதலாவதைப் பகிடி என்று வாதாடிப் பார்க்கலாம். இரண்டாவதைப் பகிடி என்று சொல்வது கஷ்டம்.

நம்முடைய சிவில் அவதூறுச் சட்டம் உரோம-டச்சுச் சட்டத்திலிருந்து வந்தது. சொன்ன வார்த்தை ஒருவரின் மானத்தைக் குறைப்பது என்று காட்டப்பட்டால், கெட்ட எண்ணத்தோடு சொன்னதாக ஊகித்துக்கொள்வார்கள். அதன் பிறகு பாரம் உங்கள் பக்கம். உண்மை, அதைச் சொல்வதில் பொதுநன்மையும் உண்டு என்று நிரூபிக்கலாம். அல்லது உண்மையான விஷயம் ஒன்றின் மேல் நேர்மையாகச் சொன்ன கருத்து என்று காட்டலாம். "சம்பள நாளில் அந்தக் கடையில் தோட்டத்துச் சனம் காசைத் தொலைக்கிறது, இது நம்ம ஊருக்கு நல்லதில்லை" என்று பேசியிருந்தால் அது கருத்து, தைரியமாக எதிர்த்து நிற்கலாம். பொலிஸைப் பற்றிச் சொன்னதற்கு உங்கள் கையில் ஆதாரம் என்ன? "ஊரே சொல்கிறது" என்று மின்னஞ்சலில் எழுதியிருக்கிறீர்கள். ஊர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன் என்பது எதிர்வாதம் ஆகாது. அந்தச் சிவப்புப் பொடியே வதந்தி கிளப்பிக் குதிரை மேல் காசு கட்டவைக்கும் வேலை என்று நீங்கள்தானே வீடியோவில் விளக்கினீர்கள்!

இனி பயத்தைக் குறைக்கும் விஷயங்கள். 50 இலட்சம் என்பது அவர் கேட்கும் தொகை, நீதிமன்றம் கொடுக்கும் தொகை அல்ல. 14 நாள் என்பது அவருடைய சட்டத்தரணி போட்ட தவணை, சட்டம் போட்டதல்ல. சட்டம் அவருக்குக் கொடுத்திருப்பது இரண்டு வருடம், அதற்குள் அவர் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். பொலிஸ் மிரட்டலுக்கு வந்தால், குற்றவியல் அவதூறு 2002லேயே நீக்கப்பட்டுவிட்டது. அவதூறு ஒன்றுக்காக மட்டும் பொலிஸார் உங்களைக் கைது செய்ய முடியாது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் கடிதத்தில் இழுத்திருக்கிறார்கள். அந்தச் சட்டமும் பொய்யான கூற்றுகளைப் பற்றியது என்பதால், அங்கேயும் கேள்வி உங்கள் அந்த ஒரு வசனத்தைப் பற்றித்தான். அப்பாவிடம் சொல்லுங்கள்: பேசியது 24 வயது மகன், அப்பா இந்த வழக்கில் எதிராளியே அல்ல. அவருடைய சேமலாப நிதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

செய்ய வேண்டியது இதுதான். கடிதம் வந்த உறையை எறியாதீர்கள். தபால் முத்திரைத் திகதி அதில் இருக்கிறது. தோட்டத்து ஆபீசில் பதிவுத் தபாலுக்குக் கையெழுத்துப் போட்டவர் யார், உங்கள் கைக்கு வந்தது எந்தத் திகதி என்று பெரிய கிளாக்கரிடம் கேட்டு ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள். லயத்து முகவரிக்கு வரும் கடிதங்கள் ஆபீஸ் மேசையில் கிடப்பது இங்கே புதிதல்ல. ஆனால் "கடிதம் கிடைத்தும் பதில் போடவில்லை" என்று நாளைக்கு யாராவது சொல்லும்போது அந்தத் துண்டு பேசும். வீடியோவின் முழுப் பிரதியையும் கமெண்டுகளின் படத்தையும் எடுத்து வைத்துவிட்டு, அந்த வசனத்தை வெட்டுங்கள், பெயர் வந்த கமெண்டை அழியுங்கள். முழு வீடியோவையும் தூக்க வேண்டியதில்லை. வெட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. விட்டுவைத்தால்தான் ஒவ்வொரு நாளும் நட்டம் கூடுகிறது என்பார்கள்.

பதில் கடிதத்தை நீங்களே எழுதாதீர்கள். வாட்ஸ்அப்பில் குரல் பதிவும் வேண்டாம். ஒரு சட்டத்தரணி மூலம், உங்கள் உரிமைகளுக்குப் பாதகமின்றி என்று தலைப்பிட்டு, பகுதி நீக்கப்பட்டது, பொலிஸ் பற்றிய கூற்றை வாபஸ் வாங்குகிறோம், வருத்தம் தெரிவித்து ஒரு வரி வீடியோவின் கீழ் போடத் தயார் என்று அனுப்புங்கள். சமாதானத்துக்காக அப்படிப் பேசுவதைப் பிறகு உங்களுக்கு எதிராகச் சாட்சியமாகக் காட்டாமல் இருக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இடம் தருகிறது. இந்த மாதிரி விஷயங்கள் பாதிக்கு மேல் இந்தக் கட்டத்திலேயே அடங்கிவிடும். கடைக்காரருக்கும் நீதிமன்றத்தில் ஏறி நின்று, பொலிஸோடு தனக்கு என்ன பழக்கம் என்று குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல ஆசை இருக்காது, அதையும் மனதில் வையுங்கள். இருவரும் சம்மதித்தால் மத்தியஸ்த சபையில் பேசி முடிக்கலாம். தோட்டத் தலைவரை வைத்துப் பேசுவதிலும் தவறில்லை, ஆனால் முடிந்தது என்றால் இருவரும் ஒப்பமிட்ட எழுத்தோடு முடிய வேண்டும். கையில் காசு கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வராதீர்கள். சட்டத்தரணிக்குக் கட்ட வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையில் விசாரியுங்கள், வருமானத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள்.

யாராவது திரீவீலில் வந்து வீட்டு வாசலில் நின்று மிரட்டினால் அது வேறு கணக்கு. தண்டனைச் சட்டக்கோவையின் 486ஆம் பிரிவின் கீழ் குற்றவியல் அச்சுறுத்தல். பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். வாக்குமூலம் தமிழில் எழுதப்பட வேண்டும் என்று கேளுங்கள். விளங்காத மொழியில் எழுதியதன் கீழ் கையெழுத்து வைக்காதீர்கள்.

அடுத்த எபிசோடுக்கு வீடியோ போடலாமா? போடுங்கள். பாட்டைத் தவிருங்கள், காட்சித் துண்டுகளைச் சின்னதாக வையுங்கள், சீரியலின் பெயரையும் உருவாக்கிய ஸ்டீவன் நைட்டின் பெயரையும் விவரத்தில் எழுதுங்கள். நிஜ பீக்கி பிளைண்டர்ஸ் கும்பல் 1890களில் இருந்தது, சீரியல் அதை முப்பது வருடம் தள்ளி வைத்திருக்கிறது. ஒப்பிட ஆள் வேண்டும் என்றால் அங்கே நிறையக் கிடைக்கும். கடிதம் வந்த கதையை மட்டும் அந்த வீடியோவில் பேசாதீர்கள். "எங்களை மிரட்டுகிறார்கள்" என்று தனியாக ஒன்று போடும் யோசனை உங்கள் நண்பருக்கு இருக்கிறது போலத் தெரிகிறது. விஷயம் எழுத்தில் முடியும்வரை அதைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.